மூக்குக்குள் இருந்த இரும்பு

இந்தக் கட்டுரைக்கு முதலில் நான் வைத்திருந்த தலைப்பு 'இதையும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள்' என்பது. ஒரு விமான மாடல் கிட்டைத் திட்டி ஐந்து பாரா எழுதி முடித்திருந்தேன். ஆறாவது பாராவில் நின்றுவிட்டது. எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இறக்கை உடம்போடு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தேன், உண்மை. காற்று உள்ளே போகும் வாய்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று அளவில் வேறாக இருந்தன என்று எழுதியிருந்தேன், அதுவும் உண்மை. ஆனாலும் அந்த ஐந்து பாராவையும் இப்போது படித்தால், சமையல் தெரியாதவன் அடுப்பைக் குறை சொல்வது போல இருக்கிறது.

கிட் என்பது 'நாட்' என்ற சிறிய போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். பாகம் பாகமாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டும். 1/72 அளவு. ஐரோப்பாவில் ஒரு சின்ன கம்பெனி செய்தது. பெயர் வேண்டாம். விலையும் வேண்டாம், வீட்டில் இன்னும் தெரியாது.

நாட் விமானத்தின் மேல் எனக்குப் பித்துப் பிடித்தது 2020 மே மாதக் கடைசியில். ஊரடங்கு. கோயம்புத்தூரில் எங்கள் வீடு சூலூர்ப் பக்கம் என்பதால் ஜெட் சத்தம் புதிதல்ல. நாய்கூடக் குரைக்காது. மே 27 அன்று விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது. 2016-இல் மிக்-27 விமானங்களோடு மூடி வைக்கப்பட்ட ஸ்குவாட்ரன் அது. செய்தியின் கடைசி வரியில், நிர்மல் ஜித் சிங் சேக்கோன் இருந்த ஸ்குவாட்ரன் என்று போட்டிருந்தது. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் விமானத்தளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் போர் விமானங்கள் தாக்க வந்தபோது குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே மேலே ஏறி அவற்றோடு மோதியவர். திரும்பி வரவில்லை. விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே ஆள் இன்றுவரை அவர்தான். அவர் ஓட்டியது நாட். அன்று ராத்திரி முழுக்க நாட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். வேறு வேலையும் இல்லை.

படிக்கப் படிக்க ஆச்சரியம். ஆங்கிலத்தில் நாட் என்றால் கொசு இனத்தில் ஒரு பொடிப் பூச்சி. பெயருக்கேற்ற உருவம். நீளம் 8.74 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர், வெற்று எடை 2200 கிலோவுக்குள். எதிரே வந்த சேபர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. வடிவமைத்தவர் டெடி பெட்டர் என்ற ஆங்கிலேயர். கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் வரைந்ததுதான். போர் விமானங்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு சின்னதாகச் செய்ய முடியும் என்று பார்த்தார். 1955-இல் நாட் பறந்தது. அவர் ஊர் விமானப்படை அதைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி விமானமாக மட்டும் வாங்கியது. நாம்தான் வாங்கினோம், பெங்களூர் எச்ஏஎல்லில் நாமே செய்யவும் செய்தோம், 1965-லும் 1971-லும் சண்டைக்கு அனுப்பினோம். ஆளுயரத்துக்குச் சற்று மேல் நிற்கிற விமானத்துக்குள் எஞ்சின், எண்ணெய், இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், ஒரு மனிதன் எல்லாவற்றையும் திணித்தால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது. நடுச் சண்டையில் பீரங்கிகள் சிக்கிக்கொண்ட கதைகள் நாட் ஓட்டியவர்களிடம் நிறைய உண்டு.

8.74 மீட்டரை 72-ஆல் வகுத்தால் 121 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளங்கையில் வைத்தால் வால் மட்டும் வெளியே தெரியும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

பொருந்தாத பாதிகள்

மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு கிண்டல் உண்டு. சில ஜப்பானிய கிட்களில் பசையை ஊற்றிப் பெட்டியை மூடிக் குலுக்கினால் போதும், விமானம் வந்துவிடும் என்பார்கள். நான் கற்றுக்கொண்டது அந்த மாதிரி கிட்களில்தான். இரண்டு பாதி உடம்பையும் சேர்த்தால் 'டக்' என்று உட்காரும். உள்ளே சின்னச் சின்ன முளைகள் இருக்கும், எதிர்ப்பக்கம் அதற்குத் துளைகள் இருக்கும். ஐந்தாறு விமானம் அப்படிக் கட்டியதும் எனக்குக் கைத்திறமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நாட் கிட்டில் முளையும் இல்லை, துளையும் இல்லை. பாதி உடம்புகள் இரண்டையும் விரலால் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, கண் திட்டத்தில் ஒட்ட வேண்டும். முன்னால் சரியாக வைத்தால் பின்னால் அரை மில்லி விலகும். இறக்கைகளை உடம்பின் பக்கவாட்டில் வெறுமனே முட்டி ஒட்டச் சொல்லியிருந்தார்கள். சுவரில் பலகையை ஆணியில்லாமல் ஒட்டுவது போல. நாட்டின் இறக்கை உடம்பின் மேல்பக்கத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாவிட்டால் பொம்மை நொண்டுகிற மாதிரி தெரியும். பேப்பர் கிளிப்பை நறுக்கி இரண்டு பக்கமும் துளை போட்டு உள்ளே கம்பி விட்டேன். ஒரு பக்கத் துளை கோணல். மறுபடி போட்டேன். உதிரிப் பாகங்கள் தொங்கும் பிளாஸ்டிக் கொடியிலிருந்து அவற்றை வெட்டி எடுப்பதே ஒரு வேலை. ஒட்டியிருக்கும் இடம் தீக்குச்சித் தடிமன். பாகம் அதைவிட மெலிசு. சக்கரக் கதவு ஒன்று வெட்டும்போதே பறந்துபோய், மூன்று நாள் கழித்து வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைத்தது.

அப்புறம் பட்டி பார்க்கும் படலம். கார் டிங்கரிங் பட்டறையில் செய்வதேதான், அளவு மட்டும் வேறு. கடையில் விற்கிற மாடல் பட்டி இந்த இடைவெளிகளுக்குக் காய்ந்ததும் உள்வாங்கிவிடும். அதனால் ஃபெவிக்விக்கில் குட்டிகுரா பவுடரைக் குழைத்துப் பூசுவது. கல் மாதிரி இறுகும், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பான 400-இல் தொடங்கி நைசான 2000 வரை போனேன். மூன்று வாரம் சாயங்காலமெல்லாம் வீட்டில் குழந்தை வாசனை அடித்தது. அம்மாவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

இவ்வளவு தேய்த்ததற்குக் காரணம் வெள்ளி. 1965-இல் நாட்கள் வெறும் உலோக மேனியோடுதான் இருந்தன. பச்சையும் பழுப்பும் அடிக்கிற விமானத்தில் சின்னச் சின்னத் தவறுகள் ஒளிந்துகொள்ளும். வெறும் அலுமினியத்தில் ஒளிய இடமே கிடையாது. முதலில் பளபளக்கும் கறுப்பு, அதன் மேல் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒரு கீறல் இருந்தால் ஊருக்கே தண்டோரா போடும். அது தெரிந்தும் வெள்ளி நாட்தான் வேண்டும் என்று பிடிவாதம். குறிப்பாக ஐ.ஈ.1083. 1965 செப்டம்பர் 3 அன்று சண்டைக்கு நடுவே பிரிந்துபோய் பாகிஸ்தானின் பஸ்ரூர் தளத்தில் இறங்கிவிட்ட விமானம். அன்றைக்குத்தான் நம் விமானி டிரெவர் கீலர் இன்னொரு நாட் விமானத்தில் முதல் சேபரை வீழ்த்தியதாகக் கணக்கு. நண்பன் ஒருவன், "செய்யறதுதான் செய்யறே, ஜெயிச்ச விமானத்தைச் செய்யக்கூடாதா?" என்று கேட்டான். என் காரணம் சாதாரணமானது. பஸ்ரூரில் இறங்கிய நாட் இன்றும் கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் படங்கள் கிடைக்கும். மாடல் கட்டுகிறவனுக்கு வெற்றி தோல்வியைவிட வயிற்றுப்பக்கப் படம் முக்கியம். நண்பன் சமாதானம் ஆகவில்லை. சரி, போகட்டும்.

வாலில் உட்கார்ந்தது

மூன்று சக்கர விமானங்களின் மாடலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொல்லை, எடை. உண்மை விமானத்தில் முன்பக்கம் கருவிகளும் விமானியும் இருப்பதால் மூக்குச் சக்கரம் தரையில் நிற்கும். மாடலில் முன்பக்கம் வெறும் காற்று. அதனால் ஒட்டும் முன்பே மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். கிட்டோடு வந்த தாளில் மூக்கைப் படம் போட்டு, பக்கத்தில் 4 கிராம் என்று எழுதியிருந்தார்கள். நாட்டின் மூக்கு ஒரு சின்ன மிளகாயின் நுனி அளவு. அதற்குள் 4 கிராம் என்றால் ஈயம் தவிர வழியில்லை. டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டுகிற பட்டைகள் இரண்டு வாங்கி வந்தேன். அறுத்து, அராவி, துண்டு துண்டாக மூக்குக்குள் போட்டு ஃபெவிக்விக் ஊற்றினேன். மூக்கு நிரம்பிவிட்டது. நிரம்பினால் போதும்தானே என்று எடை போடவில்லை. சக்கரம் வரும் இடத்தில் பல்குத்தும் குச்சியை வைத்து நிறுத்திப் பார்த்தேன், முன்பக்கம் சாய்ந்தது. திருப்தி. வால் இறக்கைகளையும் பின்னால் வரும் ரெசின் புகைக்குழாயையும் அப்போது இன்னும் ஒட்டியிருக்கவில்லை என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, வெள்ளி பூசி, எண் ஒட்டி, சக்கரங்களை மாட்டி மேசையில் வைத்தேன். நாட் மெதுவாகத் தலையைத் தூக்கி, வாலில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்தது.

இந்த இடத்தில்தான் கம்பெனியைத் திட்டி ஐந்து பாரா எழுதினேன். எழுதி முடித்த சூட்டோடு, என்ன வழி என்று யோசித்தேன். பலகையில் சக்கரத்தை ஒட்டிவிடலாம். வாலுக்கடியில் கண்ணாடிக் குச்சி ஒன்றை முட்டுக் கொடுக்கலாம், பலர் செய்வதுதான், தூரத்திலிருந்து தெரியாது. அல்லது மூக்கை அறுக்க வேண்டும். மூன்று வாரம் தேய்த்த மூக்கை, அதன் மேல் இருந்த அந்த வெள்ளியை. முட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்து குச்சி தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா உள்ளே வந்தார். அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்றில் முப்பத்திநாலு வருடம் பேட்டர்ன் மேக்கர். பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பில் வார்க்கிற பாகங்களை முதலில் தேக்கில் செதுக்குகிற வேலை. அந்த மரத்தை மணலில் பதித்து எடுத்தால் வரும் பள்ளத்தில்தான் இரும்பை ஊற்றுவார்கள். ரிட்டையர் ஆகி ஒன்பது வருடம் ஆகிறது. என் மாடல்களை அவர் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. 'பிளாஸ்டிக்' என்பார், அந்தச் சொல்லிலேயே தீர்ப்பு முடிந்துவிடும்.

வாலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "மூக்குல என்ன கண்ணு வெச்சே?"

"ஈயம்தானுங்கப்பா. டயர் கடைல வாங்குனது."

மிச்சமிருந்த துண்டை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். எழுந்துபோய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்து வந்தார். துண்டு தாவிப்போய்ப் பிள்ளையார் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஈயம்னு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்தப் பட்டையில் இப்போதெல்லாம் இரும்புதான் வருகிறது. அறுக்கும்போது பிளேடு பல் இரண்டு உடைந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஈயமென்றால் நகத்தாலேயே கீறலாம். ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்குக்கு மேல் கனம், இரும்பு எட்டு மடங்குகூட இல்லை. அதுவும் துண்டு துண்டாகப் போட்டதில் பாதி இடம் பசையும் காற்றும். இரண்டு கிராம் இருந்தால் பெரிது. (பிறகு நோண்டி எடுத்து எடை போட்டேன். சரியாக இரண்டுதான்.)

அப்பா படித்த கிட்

நான் தோல்வியை மறைக்க, பேச்சை கிட்டின் மேல் திருப்பினேன். இது மட்டமான கிட், எதுவுமே பொருந்தவில்லை, எல்லாம் இவன்களால் வந்த வினை என்று ஆரம்பித்தேன். சாட்சிக்காகப் பெட்டியிலிருந்து மிச்சக் கொடிகளை எடுத்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

ரொம்ப நேரம் பார்த்தார். பிளாஸ்டிக் என்று சொல்லவில்லை. கொடியை, "இது ரன்னர்" என்றார். பாகம் ஒட்டியிருந்த தடித்த இடத்தைத் தடவி, "கேட்" என்றார். விளிம்பில் வழிந்திருந்த மெல்லிய தோலைக் கிள்ளி, "பிசிறு" என்றார். அச்சின் இரண்டு பாதி சந்தித்த கோடு பாகத்தைச் சுற்றி ஓடுவதை நகத்தால் தொட்டுக்கொண்டே போய், "பார்ட்டிங்க இங்க எடுத்திருக்கான். நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் நான் ஆங்கிலப் பெயர்களை யூடியூபில் பார்த்துக் கற்றிருந்தேன். அதே பெயர்கள் சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் புழங்கிக்கொண்டிருந்தவை என்பது அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை.

கேட் ஏன் இவ்வளவு தடிமன் தெரியுமா என்று கேட்டார். நான், சோம்பேறித்தனம் என்றேன். இல்லையாம். அழுத்தம் குறைந்த மெஷின். அழுத்தம் குறைவென்றால் மெலிசான வழியில் பிளாஸ்டிக் ஓடாது, பாதியிலேயே உறைந்துவிடும். அதனால் வழியை அகலமாக வைக்க வேண்டும். பாகமும் தடிமனாக இருக்க வேண்டும். அழுத்தம் ஏன் குறைவு? அச்சு இரும்பில் செய்தது இல்லை, ஏதோ மெதுவான சரக்கு, அதிகம் தாங்காது. முளையும் துளையும் ஏன் இல்லை? இரண்டு பாதியிலும் முளையும் துளையும் நேருக்கு நேர் வர வேண்டுமென்றால் அச்சு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் இவர்கள் இந்தப் பொருளையே செய்திருக்க மாட்டார்கள்.

"எத்தன பேரு வாங்குவாங்க இத?" என்று கேட்டார்.

யோசித்தேன். நாட்டைப் போர் விமானமாக ஓட்டிய நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணலாம். நம் ஊர், ஃபின்லாந்து, யூகோஸ்லாவியாவுக்குப் போன இரண்டு. அமெரிக்க விமானங்களைப் போல உலகம் முழுக்க ஆள் கிடையாது.

"அப்ப ஆயிரமோ ரெண்டாயிரமோ ஓட்டற அச்சு. அதுக்கு எவன் இரும்புல டை போடுவான்? எங்க கம்பெனில ஒத்த பீஸ் ஆர்டருக்கு நான் தேக்குல செய்வனா? புங்க மரத்துல, அட்டைல, தெர்மாகோல்லகூட செஞ்சு குடுத்திருக்கறோம். வார்த்தா போதும், மிச்சத்த ஃபெட்லிங்ல பாத்துக்கன்னு."

ஃபெட்லிங் என்பது வார்த்து வந்ததை அராவித் தேய்த்து ஒழுங்கு பண்ணுகிற பிரிவு. ஃபவுண்டரியில் மதிப்புக் குறைந்த வேலை, தூசி அதிகம், கூலி குறைவு. அவர் சொன்னது என்னைக் குறித்துத்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஐரோப்பாவில் எவனோ ஒருவன், வெளியே அவ்வளவாக யாரும் கேட்காத ஒரு சின்ன விமானத்தை, விற்குமா விற்காதா என்று தெரியாமல் அளந்து, வரைந்து, தன் கைக்கு எட்டிய அச்சில் வார்த்து, மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்று அனுப்பியிருக்கிறான். நான் பெட்டியைக் குலுக்கினால் வர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காக வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். காற்று வாய்கள் இரண்டும் அளவு வேறாக இருந்ததற்கு இன்னமும் எனக்குக் கோபம் உண்டு, அப்பாவும் அதை மட்டும், "இது தப்புத்தான்" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஆறாவது பாராவை அதன் பிறகு எழுத முடியவில்லை.

முட்டுக் கொடுக்க வைத்திருந்த குச்சியைப் பார்த்து, இது எதற்கு என்றார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் வேறு ஒரு கதையை ஆரம்பித்தார். வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்து சின்ன ஓட்டை வருமாம். மேலே தெரிகிற ஓட்டையென்றால் இரும்புத் தூளையும் ஆரல்டைட்டையும் குழைத்து அடைத்து பெயின்ட் அடித்துவிடுவார்கள், எல்லா ஊரிலும் செய்வதுதான். நான் குட்டிகுராவைக் குழைத்தபோது அவர் வாசல்படியில் நின்று சிரித்ததற்கு அதுதான் காரணமாம். ஒருமுறை பம்பு உறை ஒன்றில், தண்ணீர் நிற்கிற இடத்தில் விழுந்த ஓட்டையை அடைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. யார் அடைத்தது என்று கேட்டேன். "ஆரா இருந்தா என்ன" என்று எழுந்து போய்விட்டார்.

மூக்கு அறுத்த கதை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை காபி முடிந்ததும் நான் ரம்பத்தை எடுத்தேன். மெல்லிய ரம்பம்தான். இருந்தாலும் வெள்ளி மேல் பல் பட்டபோது பல் கூசியது. மூக்கு தனியாக வந்தது. இரும்புத் துண்டுகளைக் குடைந்து எடுக்கவே மதியம் ஆகிவிட்டது.

அப்பா அதற்குள் என் மேசையைப் பிடித்துக்கொண்டார். என் கத்திகள் எதற்கும் ஆகாது என்று பரணிலிருந்து தன் பெட்டியை இறக்கினார். அறுத்த மூக்கின் உட்பக்கத்தில் மெழுகை அழுத்தி எடுத்து வடிவம் பார்த்தார். பிறகு தேக்குத் துண்டில் அதே வடிவத்தில் ஒரு சின்னக் கூம்பு செதுக்க ஆரம்பித்தார். நிலக்கடலைப் பருப்பைவிடச் சற்றே பெரியது. எழுபத்தொரு வயது, டம்ளர் பிடித்தால் கை லேசாக ஆடும். உளி பிடித்தபோது ஆடவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆடியது. முதல் கூம்பு சரியாக வரவில்லை, தூக்கிப் போட்டார். என் விமானத்தை நகர்த்தி வைக்கும்போது சக்கரக் கதவையும் உடைத்துவிட்டார். வாஷிங் மெஷினுக்கு அடியில் கிடைத்த அதே கதவு. நாட்டில் அந்தக் கதவுகள் வெறும் கதவுகள் அல்ல. சக்கரத்தைப் பாதி இறக்கினால் அவையே வேகத்தடையாக வேலை செய்யும். அதையெல்லாம் விளக்கிக் கத்தினேன். "ஒட்டிக்கலாம் போ" என்றார். ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை.

ஏர்கன் குண்டு ஒரு டப்பா வாங்கி வந்தேன். இந்த முறை கடையிலேயே காந்தத்தை வைத்துப் பார்த்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மணலும் களிமண்ணும் பிசைந்து, தேக்குக் கூம்பைப் பதித்து எடுத்து, அந்த அச்சை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தார். ஈரம் இருந்தால் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும் என்றார். அம்மா கேஸ் அடுப்பையும் கரண்டியையும் தர மறுத்துவிட்டார், அதுவும் நியாயம்தான். பின்வாசலில், காற்றோட்டத்தில், கரி போட்டு, தூக்கிப்போட வேண்டிய பழைய இரும்புக் கரண்டியில் உருக்கினோம். முதல் முறை நுனி வரை ஈயம் ஓடவில்லை. அச்சைக் கொஞ்சம் சூடாக்கி இரண்டாவது முறை ஊற்றினார். ஆறியதும் மணலைத் தட்டிவிட்டு, பிசிறைக் கிள்ளி, என் உள்ளங்கையில் வைத்தார். அவ்வளவு சின்னப் பொருளுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று கை எதிர்பார்க்கவில்லை. சின்ன டிஜிட்டல் தராசில் நாலரை கிராம் காட்டியது.

மூக்குக்குள் வைத்தோம். தட்டவே வேண்டியிருக்கவில்லை. வழுக்கிப்போய் உட்கார்ந்தது. அந்த மாடலிலேயே எங்கும் இடைவெளி இல்லாமல் பொருந்திய ஒரே பாகம் அதுதான். அது யார் கண்ணிலும் படாது. மூக்கை ஒட்டி, மறுபடி குட்டிகுரா, மறுபடி 400 முதல் 2000 வரை, மறுபடி கறுப்பு, வெள்ளி. அறுத்த இடத்தில் ஒரு மெல்லிய வளையம் இப்போதும் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. காலை வெயிலில் தெரியும்.

நாட் மூன்று சக்கரத்தில் நின்றது. வாலைச் சுண்டுவிரலால் அழுத்தினால் தலையைத் தூக்கும், விட்டால் 'டொக்' என்று இறங்கும். அப்பா அதை நாலைந்து முறை செய்து பார்த்தார். பிறகு தன் பெட்டியிலிருந்து அந்த ஸ்கேலை எடுத்தார்.

அந்த ஸ்கேலை எனக்கு நன்றாகத் தெரியும். பேட்டர்ன் மேக்கர்கள் வைத்திருக்கும் கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல். இரும்பு உருகி ஆறும்போது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னை அந்த அளவு பெரிதாகச் செதுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, ஸ்கேலையே நூற்றுக்கு ஒன்று நீட்டிச் செய்துவிடுவார்கள். பார்க்க சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க நான் அதை எடுத்துப்போய் ஜியோமெட்ரி போட்டேன். என் நோட்டில் பத்து சென்டிமீட்டர் கோடெல்லாம் ஒரு மில்லி நீளம். என் கையில்தான் கோளாறு என்று வாத்தியார் முடிவு கட்டியிருந்தார்.

அப்பா விமானத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு இருக்கணும்ன?"

"நூத்தி இருபத்தொண்ணு சொச்சம்."

"நூத்தி இருபதுதான் இருக்குது."

"உங்க ஸ்கேல் அப்படித்தானுங்கப்பா காட்டும்."

"ரம்பம் தின்னது?" என்று கேட்டார்.

என் மேசை டிராயரில் சாதாரண ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கிறது. இன்னும் எடுத்து வைத்துப் பார்க்கவில்லை.